போதையைத் தேடிய கருவிகள்: பணியிடப் பரிசோதனையும் தொழில்சார் மருத்துவமும்

வேலைக்கு வருபவர் குடித்திருக்கிறாரா என்று சோதித்தறிவது இன்று நிர்வாகத்தின் இயல்பான உரிமையாகத் தோன்றினாலும், உழைப்பின் நீண்ட வரலாற்றில் அது மிகவும் பிந்தி வந்த வழக்கம். அதற்கு முந்தைய பல நூற்றாண்டுகளில் உழைப்பாளிக்கு மதுவை ஊற்றிக் கொடுத்தவரே பெரும்பாலும் வேலை கொடுத்தவர்தான். பிரித்தானியக் கடற்படையில் 18ஆம் நூற்றாண்டில் மாலுமி ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு அரை பைன்ட், அதாவது ஏறக்குறையக் கால் லிட்டர், ரம் அளந்து ஊற்றப்பட்டது. படிப்படியாகக் குறைந்துவந்த அந்தப் படி 1970 ஜூலை 31 அன்றுதான் முற்றாக நின்றது. 1720களில் லண்டனில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் பிராங்ளின், தம்முடன் வேலை செய்த அச்சுத் தொழிலாளி ஒருவர் காலை உணவுக்கு முன் ஒன்று, உணவோடு ஒன்று, முற்பகலில் ஒன்று, மதிய உணவுக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று, வேலை முடிந்ததும் ஒன்று என நாளுக்கு ஆறு பைன்ட் பீர் குடித்ததையும், பீர் எடுத்துத் தருவதற்கென்றே மதுக்கடைப் பையன் ஒருவன் அச்சகத்திலேயே நிறுத்தப்பட்டிருந்ததையும், தண்ணீர் மட்டுமே குடித்த தம்மை அவர்கள் கேலி செய்ததையும் தம் சுயசரிதையில் பதிந்திருக்கிறார். தேம்ஸ் நதியில் கப்பல்களிலிருந்து நிலக்கரி இறக்கிய கூலியாட்களுக்கோ, வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தவர்களே மதுக்கடைக்காரர்களாக இருந்ததால், குடிக்காதவருக்கு மறுநாள் வேலை கிடைக்கும் என்ற உறுதியே இல்லை. 1843இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, வேலை வழங்கும் அலுவலகம் ஒன்றை அமைத்தே பிரித்தானிய நாடாளுமன்றம் அந்தப் பிடியை உடைக்க வேண்டியிருந்தது. தொழிலாளருக்கு மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுப்பதைப் பொதுவாகத் தடை செய்த சட்டம் 1883இல்தான் வந்தது.

இந்நிலையைத் தலைகீழாக மாற்றியதில் அறப் பிரசாரத்துக்குப் பங்குண்டு என்றாலும், அதைவிடப் பெரிய பங்கு நீராவி எஞ்சினுக்கு உரியது. அச்சகத்தில் ஒருவர் தள்ளாடினால் ஒரு தாள் கெடும். ரயில் எஞ்சினில் ஒருவர் சமிக்ஞையைத் தவறவிட்டால் பல உயிர்கள் போகும் என்ற வேறுபாட்டை முதலில் உணர்ந்தவை ரயில் நிறுவனங்களே. அமெரிக்க ரயில் நிறுவனங்களின் கூட்டமைப்பு 1899இல் ஏற்ற பொது விதித்தொகுப்பில் 'ஜி விதி' என்ற பெயரில் இடம்பெற்ற கட்டளை, பணியின்போது மது அருந்துவதைத் தடுத்ததோடு நில்லாமல், வழக்கமாகக் குடிப்பதும் மது விற்கும் இடங்களுக்கு அடிக்கடி போய்வருவதும்கூட வேலைநீக்கத்துக்குப் போதுமான காரணம் என்றது. ஒரே விதிக்குள் இரு வேறு அக்கறைகள் அப்போதே கலந்துவிட்டன: இந்தக் கணத்தில் இவர் வண்டி ஓட்டத் தகுதியுடன் இருக்கிறாரா என்பது ஒன்று, இவர் எப்படிப்பட்ட மனிதர் என்பது மற்றொன்று. பின்வந்த நூறாண்டுச் சச்சரவின் பெரும்பகுதி இவ்விரண்டையும் பிரித்தறியாததால் விளைந்ததே. 1914இல் நாளுக்கு ஐந்து டாலர் ஊதியம் அறிவித்த ஃபோர்டு நிறுவனம், அதற்கு உரியவரா என்று அறியத் தன் 'சமூகவியல் துறை' ஆட்களைத் தொழிலாளர் வீடுகளுக்கே அனுப்பிக் குடிப்பழக்கத்தை விசாரித்ததும் இரண்டாம் அக்கறையின் வெளிப்பாடுதான்.

விதி இருந்ததே ஒழிய, அதை நிலைநாட்ட அன்று மேற்பார்வையாளரின் மூக்கும் கண்ணும் தவிர வேறு கருவி இல்லை. அந்தக் குறையை வேதியியல் மெல்ல மெல்ல நிரப்பியது. சுவீடனின் லுண்ட் நகரில் எரிக் விட்மார்க் 1922இல், சில துளி இரத்தத்திலிருந்தே மதுவின் அளவைக் கணக்கிடும் முறையை வகுத்தார். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ரோலா ஹார்கர் 1930களில் உருவாக்கிய 'டிரங்கோமீட்டர்' ஊசி இல்லாமலே அதைச் செய்தது: சோதிக்கப்படுபவர் ஒரு பலூனை ஊதி நிரப்ப, அந்தக் காற்று அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் வழியாகச் செலுத்தப்பட்டு, கரைசலின் ஊதா நிறம் வெளுக்க எவ்வளவு காற்றுத் தேவைப்பட்டது என்பதைக் கொண்டு மதுவின் அளவு மதிப்பிடப்பட்டது. 1954இல் ராபர்ட் போர்க்கென்ஸ்டைன் உருவாக்கிய 'பிரெத்தலைசர்' அதைக் காவலர் ஒருவரே எளிதாக இயக்கக்கூடிய, எடுத்துச் செல்லத்தக்க கருவியாக்கியது. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் மூச்சிலுள்ள மது, அதே நேரத்தில் இரத்தத்தில் ஓடும் மதுவோடு ஏறத்தாழ நிலையான விகிதத்தில் இருக்கும் என்பதே இக்கருவிகளின் அடிப்படை. ஆகவே மூச்சுச் சோதனை சொல்வது நிகழ்காலச் செய்தி. ஊதும் நேரத்தில் அம்மனிதரின் மூளைக்கு எவ்வளவு மது எட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அது சொல்கிறது.

தொழில்சார் மருத்துவம், அதாவது வேலையால் உடலுக்கு நேர்வதையும் உடல்நிலையால் வேலைக்கு நேர்வதையும் ஒருங்கே ஆராயும் மருத்துவப் பிரிவு, இக்கதைக்குள் நுழைந்தது வேறு வாசல் வழியாக. நோயாளியிடம் அவர் செய்யும் தொழில் என்னவென்று கேட்க வேண்டும் என 1700இல் வற்புறுத்திய இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாட்சினியின் மரபில் வந்த அத்துறை, குடிப்பழக்கத்தைக் குற்றமாக அல்லாமல் நோயாகவே முதலில் அணுகியது. 1935இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் தோன்றிய சில ஆண்டுகளிலேயே டுபான்ட், ஈஸ்ட்மன் கோடாக் போன்ற பெருநிறுவனங்களின் மருத்துவப் பிரிவுகள், குடியிலிருந்து மீள விரும்பும் தொழிலாளரை வேலையிலிருந்து நீக்காமல் சிகிச்சைக்கு அனுப்பும் திட்டங்களை 1940களில் தொடங்கின. பிற்காலத்தில் பணியாளர் உதவித் திட்டம் என்று பெயர் பெற்ற ஏற்பாடுகளின் தொடக்கம் இதுவே. அங்கே பரிசோதனைக் கருவி எதுவும் இல்லை. வேலையின் தரம் சரிவதைக் கவனித்த மேலாளரும், காரணத்தை விசாரித்த மருத்துவரும்தான் இருந்தார்கள்.

நிலைமையை மாற்றியது தொழிற்சாலை அல்ல, போர்க்களம். வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படையினரிடையே ஹெராயின் பரவிவிட்டது என்ற அச்சத்தில், 1971 ஜூனில் நிக்சன் அரசு, நாடு திரும்பும் ஒவ்வொரு படைவீரரும் விமானம் ஏறுமுன் சிறுநீர் கொடுத்துத் தேற வேண்டும் என்று ஆணையிட்டது. தேறாதவர் அங்கேயே தங்கி, போதைப்பொருள் உடலைவிட்டு நீங்கும்வரை சிகிச்சை பெற்ற பிறகே ஊர் திரும்பலாம். அடுத்தடுத்து வந்த எளிய ஆய்வு முறைகளால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதிப்பது முதன்முறையாகச் சாத்தியமானது. பின்னாளைய தனியார் நிறுவனச் சோதனைகள் அனைத்துக்கும் தொழில்நுட்ப அடித்தளம் இங்கேதான் இடப்பட்டது. திரும்பிய வீரர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த சமூகவியலாளர் லீ ராபின்ஸ் கண்ட முடிவு அக்காலத்தில் பலரால் நம்பவே முடியாததாக இருந்தது: வியட்நாமில் அடிமைப்பட்டிருந்தவர்களில் ஊர் திரும்பி ஓராண்டுக்குள் மறுபடியும் அடிமையானவர்கள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே. ஒருவரின் ஒருகாலப் பழக்கத்தைக் கொண்டு அவருடைய எதிர்காலத்தைக் கணித்துவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆனால் கொள்கை வகுத்தவர்கள் எடுத்துக்கொண்டது ராபின்ஸின் முடிவை அல்ல, ஆய்வுக்கூடத்தின் வேகத்தைத்தான்.

சிறுநீருக்கும் மூச்சுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உட்கொண்ட பொருளை உடல் சிதைத்து, கழிவாக வெளியேற்றத் தக்க வேறு சேர்மங்களாக மாற்றுகிறது. இவற்றை வளர்சிதைப் பொருள்கள் என்பர். சிறுநீரில் பெரும்பாலும் தேடப்படுபவை இவையே. கஞ்சாவின் வளர்சிதைப் பொருளுக்குப் போதையூட்டும் ஆற்றல் இல்லை. அது கொழுப்பில் தேங்கிச் சிறிது சிறிதாகக் கசிவதால், எப்போதோ ஒருமுறை புகைத்தவரிடம் சில நாளும், அன்றாடம் புகைத்தவரிடம் சில வாரங்களும் தென்படும். அதாவது சிறுநீர் சொல்வது கடந்தகாலச் செய்தி. சனிக்கிழமை இரவு புகைத்தவர் செவ்வாய்க்கிழமை காலை முழுத் தெளிவோடு வேலைக்கு வந்தாலும் அவர் தேறாமல் போகலாம், திங்கட்கிழமை இரவு முழுதும் குடித்துவிட்டுத் தலைவலியோடு வருபவரோ போதைப்பொருள் சோதனையில் எளிதாகத் தேறிவிடுவார். மருந்தியல் அறிந்த எவருக்கும் இது தொடக்கத்திலிருந்தே தெரிந்த செய்திதான்.

1981 மே 26 இரவு, ஃபுளோரிடாக் கடற்கரைக்கு அப்பால் 'நிமிட்ஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலில் தரையிறங்க முயன்ற போர் விமானம் மேல்தளத்தில் மோதி எரிந்ததில் 14 பேர் மாண்டனர். இறந்த தளப் பணியாளர் சிலரின் உடலில் கஞ்சாவின் தடயம் கிடைத்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. விமானியின் உடலில், சளிக்காக உட்கொள்ளும் சாதாரண மருந்தொன்று பரிந்துரைத்த அளவைப் பல மடங்கு மீறி இருந்தது என்ற செய்தி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. விமானத்தை ஓட்டியவர்கள் தளப் பணியாளர்கள் அல்லர் என்ற எளிய உண்மையும் இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. ஆண்டு முடிவதற்குள் பாதுகாப்புத் துறை, சிறுநீர்ச் சோதனை முடிவையே சான்றாகக் கொண்டு படைவீரரைத் தண்டிக்க அனுமதி வழங்கியது. மாதிரிகள் வெள்ளம்போல் குவிந்ததும் இராணுவ ஆய்வுக்கூடங்கள் திணறின. மாதிரிகளைக் கையாண்ட முறையிலும் பதிவுகளிலும் பிழைகள் மலிந்திருந்தன என்று இராணுவமே அமைத்த குழு கண்டறிந்தபின், பல்லாயிரக்கணக்கான முடிவுகள் ஐயத்துக்குரியவை என அறிவிக்க நேர்ந்தது. வெளி ஆய்வுக்கூடங்களும் மேலானவையாக இல்லை. 13 ஆய்வுக்கூடங்களுக்கு, சோதனை என்று தெரியாத வகையில் மாதிரிகளை அனுப்பிப் பார்த்து 1985இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒரு பொருளைப் பொறுத்தவரை, இல்லாததை இருப்பதாகச் சொன்ன பிழை 60 விழுக்காட்டையும் தாண்டும் அளவுக்குச் சென்றது. இந்த முடிவுகளின்பேரில் மனிதர்கள் வேலை இழந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

1986 செப்டம்பர் 15 அன்று குடியரசுத் தலைவர் ரீகன் பிறப்பித்த 12564ஆம் எண் ஆணை, கூட்டாட்சி அரசு அலுவலகங்களைப் போதையற்ற பணியிடங்களாக்கும்படி பணித்து, முக்கியப் பொறுப்பிலுள்ள ஊழியர்களைச் சோதிக்க வழிவகுத்தது. அதற்கு முந்தைய மாதம் ரீகனே சிறுநீர் மாதிரி கொடுத்து முன்மாதிரி காட்டினார். ஆணையைத் தொடர்ந்து 1988 ஏப்ரலில் வெளிவந்த கட்டாய நெறிமுறைகள்தாம் இன்றுவரை உலகின் பல நாடுகள் பார்த்தெழுதும் மூலம். கஞ்சா, கோகெயின், அபின் வகை, ஆம்ஃபெட்டமின் வகை, ஃபென்சிக்ளிடின் ஆகிய ஐந்தை மட்டுமே தேடலாம் என்று அவை அன்று வரையறுத்தன. முதற்கட்டச் சோதனையில் ஐயம் எழுந்த மாதிரியை, சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து எடைவழி அடையாளம் காணும் வாயு நிறப்பிரிகை நிறைமாலை முறையில் மறுபடியும் உறுதிசெய்த பின்னரே அன்று முடிவு சொல்ல முடிந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் வரம்பு அளவு உண்டு, அதற்குக் கீழே இருப்பது இல்லாததாகவே கொள்ளப்படும். மாதிரி எடுக்கும் அறையும் விதிக்குட்பட்டது. கழிப்பறைத் தொட்டி நீரில் நீலச் சாயம் கலந்திருக்கும், அதை அள்ளிக் கலந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும்; கோப்பையின் பக்கவாட்டில் ஒட்டிய வெப்பமானிப் பட்டையை நான்கு நிமிடத்துக்குள் பார்த்து, வெப்பம் 32 முதல் 38 பாகை செல்சியஸுக்குள் இருப்பதை உறுதி செய்ய வேண்டும், இல்லையேல் வேறொருவருடைய சிறுநீரைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்ததாக ஐயுறப்படும்; மூடியின்மேல் முத்திரைத் தாள் ஒட்டி, கொடுத்தவரே அதில் தம் தலைப்பெழுத்தை இட வேண்டும்; அங்கிருந்து ஆய்வுக்கூட மேசைவரை புட்டி யார் யார் கைக்கு மாறியது என்பது ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்தோடு பதியப்பட வேண்டும். கொலை வழக்குத் தடயத்துக்குரிய கவனம், அரசு ஊழியரின் சிறுநீருக்கு வாய்த்தது.

இந்நெறிமுறைகள் உருவாக்கிய புதிய பதவியே மருத்துவ மறுஆய்வு அலுவலர் என்பது. தொழில்சார் மருத்துவம் இக்கதையில் மையத்துக்கு வந்தது அவர் வழியாகத்தான். ஆய்வுக்கூடத்தின் முடிவு நேரே நிர்வாகத்துக்குப் போகாது. முதலில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவரிடம் போகும். அவர் ஊழியரைத் தனிமையில் அழைத்துப் பேசி, மருத்துவர் சீட்டின்பேரில் உட்கொண்ட மருந்தா, வேறு நியாயமான விளக்கம் உண்டா என்று கேட்டறிவார். விளக்கம் பொருந்தினால் நிர்வாகத்துக்குச் சேரும் அறிக்கையில் அது எதிர்மறை முடிவாகவே இருக்கும், ஊழியருக்கு என்ன நோய் என்பது வெளியே போகாது. இருமலுக்குக் கோடெய்ன் கலந்த மருந்து சாப்பிட்டவரும், ஹெராயின் ஏற்றிக்கொண்டவரும் ஆய்வுக்கூடத்தின் கண்ணுக்கு ஒருவரைப் போலவே தெரிந்ததால் இந்த இடைநிலை இன்றியமையாததாயிற்று. கசகசாவும் அபினும் ஒரே செடியின் விளைச்சல் என்பதால், கசகசா தூவிய ரொட்டி தின்றவர்களின் சிறுநீரிலும் மார்ஃபின் தென்பட்டது. மறுஆய்வு மருத்துவர்களின் மேசைக்கு வந்த அபின் வகை 'நேர்மறை' முடிவுகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி விளக்கம் பெற்று உதிர்ந்தமையால், 1998 டிசம்பர் முதல் அவ்வகையின் வரம்பு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2,000 நானோகிராமாக உயர்த்தப்பட்டது. குருமாவுக்குக் கசகசா அரைக்கும் நாட்டில் பழைய வரம்பு நடப்பில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் இம்மருத்துவரின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு, அந்த எல்லையில்தான் துறையின் மனச்சங்கடம் இருக்கிறது. பொருள் உடலில் நியாயமாக வந்ததா என்பதை மட்டுமே அவர் தீர்மானிக்கலாம். அம்மனிதர் வேலை செய்யும் நிலையில் இருந்தாரா என்பது அவரிடம் கேட்கப்படும் கேள்வியே அல்ல. 1990இல் நிறைவேறிய அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், வேலைக்கு எடுக்குமுன் மருத்துவப் பரிசோதனை செய்வதைக் கட்டுப்படுத்தியபோது, சட்டவிரோதப் போதைப்பொருளுக்கான சோதனை மருத்துவப் பரிசோதனை ஆகாது என்று வெளிப்படையாகவே விலக்கு அளித்தது. மருத்துவரின் கையொப்பம் வேண்டும், ஆனால் மருத்துவத்தின் கட்டுப்பாடு வேண்டாம் என்ற இந்த ஏற்பாடு அரசியல் வசதிக்காகச் செய்யப்பட்டது என்றே கருத வேண்டியிருக்கிறது.

நீதிமன்றங்களில் இப்பிரச்சினை விபத்துகளின் நிழலிலேயே விசாரிக்கப்பட்டது. 1987 ஜனவரி 4 அன்று மேரிலாந்தின் சேஸ் என்னுமிடத்தில் சமிக்ஞைகளை மீறிச் சென்ற சரக்கு எஞ்சின்கள் பயணிகள் ரயிலின் பாதையில் புகுந்ததில் 16 பேர் இறந்தனர். எஞ்சின் ஓட்டுநர் கஞ்சா புகைத்திருந்தார். ரயில் தொழிற்சங்கங்கள் தொடுத்திருந்த ஸ்கின்னர் வழக்கில் 1989 மார்ச் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1972 முதல் 1983 வரை மதுவோ போதைப்பொருளோ காரணமான குறைந்தது 21 பெரிய ரயில் விபத்துகளில் 25 பேர் இறந்ததைச் சுட்டி, குறிப்பிட்ட ஐயம் இல்லாமலே விபத்துக்குப் பின் சோதிக்கலாம் என ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதே நாளில் சுங்கத் துறை ஊழியர் வழக்கிலும் அரசே வென்றது, ஆனால் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில். மாறுபட்ட நீதிபதி அன்டனின் ஸ்கலியா, ரயில் ஊழியரைச் சோதிப்பதற்கு இசைந்தவராயினும், சோதிக்கப்பட்ட 3,600 சுங்க ஊழியரில் ஐவரே தேறவில்லை என்பதைச் சுட்டி, இது அடையாளத்துக்காக மனித மாண்பைப் பலியிடுவது என்று கண்டித்தார்.

தீர்ப்பு வந்த மூன்றாம் நாள், மார்ச் 24 அன்று, 'எக்ஸான் வால்டீஸ்' எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவில் பாறையில் மோதியது. கப்பல் தலைவரின் இரத்தம் பத்து மணி நேரத்துக்கும் மேல் கழித்தே எடுக்கப்பட்டது. போதையில் கப்பலை இயக்கினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து நடுவர் குழு அவரை விடுவித்தது. அவர் முன்பு குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்பது தெரிந்ததும், அப்படிச் சிகிச்சை பெற்ற எவரையும் ஆபத்துமிக்க பணிகளில் அமர்த்துவதில்லை என்று எக்ஸான் முடிவெடுத்தது. இக்கொள்கையின் தீங்கு தொழில்சார் மருத்துவர்களுக்கு உடனே விளங்கியது: உண்மையைச் சொன்னால் வேலை போகும் என்றால், எவரும் உதவித் திட்டத்தின் கதவைத் தட்டமாட்டார். கனடாவில் எக்ஸானின் துணை நிறுவனமான இம்பீரியல் ஆயில் 1991இல் இதையொத்த கொள்கையை வகுத்து, பழைய பழக்கங்களை ஊழியர்களே வெளியிட வேண்டும் எனக் கேட்டது. ஏழு ஆண்டுகளாகக் குடியைத் தொடாத சார்னியா ஆலை ஊழியர் ஒருவர் நேர்மையாக அதைச் சொன்னதும் வேறு பணிக்கு மாற்றப்பட்டார். அந்த வழக்கில் 2000ஆம் ஆண்டு ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மூச்சுக்கும் சிறுநீருக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டத்தின் மொழியில் எழுதியது: ஆபத்துமிக்க பணிகளில் முன்னறிவிப்பற்ற மூச்சுச் சோதனை தற்போதைய தகுதியின்மையைக் காட்டுவதால் ஏற்கத்தக்கது, சிறுநீர்ச் சோதனை கடந்தகாலப் பயன்பாட்டை மட்டுமே காட்டுவதால் ஏற்கத்தக்கதன்று. பிரித்தானியாவும், 1991இல் லண்டன் கேனன் தெரு நிலைய விபத்துக்குப் பின் ரயில் ஊழியருக்கென 1992இல் சட்டம் செய்தபோதிலும், ஏனைய பணியிடங்களில் தயங்கியே நின்றது.

அமெரிக்காவில் அத்தகைய தயக்கம் இல்லை. 1991 ஆகஸ்டில் குடிபோதையில் இருந்தவர் ஓட்டிய நியூயார்க் சுரங்க ரயில் தடம் புரண்டு ஐவர் இறந்த இரு மாதங்களில், பாதுகாப்புக்கு முக்கியமான பணிகளிலுள்ள போக்குவரத்துத் தொழிலாளருக்கு மதுச் சோதனையையும் போதைப்பொருள் சோதனையையும் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. இவ்வளவு பெரிய ஏற்பாடு விபத்தைக் குறைத்ததா என்ற கேள்விக்குக் கிடைத்த விடை மங்கலானது. அஞ்சல் துறையில் 5,465 விண்ணப்பதாரரின் முடிவுகளை மறைத்து வைத்து, ஒரே அளவுகோலில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், சோதனையில் தேறாதவர்கள் அதிகம் விடுப்பு எடுத்ததும், அதிகமாக வேலைநீக்கம் பெற்றதும் தெரியவந்தன. விபத்துகளோடும் காயங்களோடும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. தேசிய அறிவியல் கழகத்தின் குழு 1994இல் அளித்த அறிக்கையும், சோதனைகள் பயன்பாட்டைத் தடுக்கின்றன என்று முடிவுகட்டப் போதிய சான்று இல்லை என்றே கூறியது.

கஞ்சாவைப் பல மாநிலங்கள் சட்டப்பூர்வமாக்கிய பிறகு, மருந்தியலார் தொடக்கத்திலேயே சொன்னது சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்திருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் கலிபோர்னியாவில், போதையூட்டாத கஞ்சா வளர்சிதைப் பொருள் சிறுநீரில் இருந்தது என்பதற்காக ஒருவரை வேலைக்கு மறுப்பதோ நீக்குவதோ, கட்டுமானத் தொழில் போன்ற சில விலக்குகள் தவிர, சட்டவிரோதம். அதே மாநிலத்தில் கனரக லாரி ஓட்டுபவருக்கோ கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறையின் விதியே பொருந்தும். அண்மைப் பயன்பாட்டை ஓரளவு நெருக்கமாகக் காட்டும் எச்சில் மாதிரியையும் ஏற்கலாம் என்று அத்துறை 2023 மே மாதம் விதியைத் திருத்தியது, ஆனால் குறைந்தது இரண்டு ஆய்வுக்கூடங்களாவது அதற்கு அங்கீகாரம் பெறும்வரை எவரும் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையையும் அதோடு சேர்த்தே எழுதியது.